எதிரே ஒரு நாற்காலி

நாலு கால் உண்டு, நடக்காது. இரண்டு கை உண்டு, அணைக்காது. முதுகு உண்டு, ஒருநாளும் படுத்ததில்லை. ஆள் வந்தால் ஆளுக்குப் பின்னால் மறைந்துவிடும், வராவிட்டால் நாள் முழுக்கக் கண்ணை உறுத்திக்கொண்டு நிற்கும். அது என்ன, சொல்லுங்கள் பார்ப்போம்.

ரொம்ப யோசிக்க வேண்டாம், நானே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கதை விடையில்தான் தொடங்குகிறது. அது ஒரு நாற்காலி. சரியாகச் சொன்னால், இருபத்திரண்டு நாற்காலிகள்.

துறையூரிலிருந்து பெரம்பலூர் போகிற சாலையில், பச்சைமலை இடது கைப் பக்கமாக நீலமாய்க் கூடவே வருகிற ஓர் இடத்தில், சுண்ணாம்புமேடு என்று ஒரு பஸ் நிறுத்தம் இருக்கிறது. நிறுத்தத்துக்கு எதிரே ஒரு நீளக் கட்டடம். முன்பு அது கடலை மண்டி. மூட்டை அடுக்கிய அந்தக் கூடத்தில் இப்போது இருபத்திரண்டு பேர் வசிக்கிறார்கள். அவர்களில் சிலருக்கு நடக்க வராது, சிலருக்குப் பேச வராது, சிலருக்கு நாளுக்கு மூன்று முறை வலிப்பு வரும், சிலருக்கு இவை எல்லாமே உண்டு. மிகச் சின்னவனுக்கு ஆறு வயது, மிகப் பெரியவளான குஞ்சிதத்துக்கு ஐம்பத்திரண்டு. தானாகப் புரண்டு படுக்க முடியாதவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதுகில் புண் வந்துவிடும். ஒரு கிண்ணம் கஞ்சி ஊட்ட முக்கால் மணி நேரம் ஆகும், அவசரப்பட்டால் மூச்சுக்குழாயில் போய்விடும். வாசல் பலகையில் அந்த இல்லத்துக்கு நீளமான பெயர் ஒன்று எழுதியிருக்கிறது. ஆனால் கண்டக்டர் முதல் கலெக்டர் ஆபீஸ் வரை எல்லாரும் அதை மண்டி வீடு என்றுதான் சொல்வார்கள்.

மாதத்தின் இரண்டாம் ஞாயிறு அங்கே பார்வையாளர் நாள். காலை பத்து மணி முதல் மாலை நாலு மணி வரை. அன்றைக்கு எல்லாரையும் விடியற்காலையிலேயே குளிப்பாட்டி, தலை வாரி, பவுடர் போட்டு, கூடத்தில் வரிசையாக உட்கார வைப்பார்கள். உட்கார முடியாதவர்களின் கட்டிலைத் தலைப்பக்கம் உயர்த்தி வைப்பார்கள். பிறகு ஒவ்வொருவருக்கும் எதிரே ஒரு நாற்காலி போடுவார்கள். யாருக்கு ஆள் வரும், யாருக்கு வராது என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் இருபத்திரண்டு பேருக்கும் போட வேண்டும் என்பது பொறுப்பாளர் ரூபாவதியம்மாள் வைத்த ஒழுங்கு. எல்லாரும் பெரியக்கா என்று கூப்பிடுகிற அவர் சொன்ன காரணம் ஒன்றுதான்: "வர்றவங்களுக்கு மட்டும் போட்டா, போடாதவங்களுக்குத் தெரிஞ்சுபோயிடும்ல?"

இப்படிப் பதினெட்டு வருஷம் போட்டார்கள். இருபத்திரண்டில் ஆறோ ஏழோதான் நிறையும். மற்றவை நாலு மணி வரை காலியாக நிற்கும். நாலு மணிக்கு எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவார்கள். ஒரு பொருளை ஒரே இடத்தில், ஒரே நாளில், ஒரே எதிர்பார்ப்போடு பதினெட்டு வருஷம் வைத்துக்கொண்டே இருந்தால் என்ன ஆகும் என்று யாரும் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. பதினெட்டாம் வருஷம் ஆடி மாதத்து இரண்டாம் ஞாயிறு, பத்து மணி பத்து நிமிஷத்துக்கு, காலி நாற்காலி ஒன்றில் ஆள் வந்து உட்கார்ந்தது.

முதலில் வந்தவன் குஞ்சிதத்தின் தம்பி வைத்தி. ஐம்பத்திரண்டு வயதில் பாதி தலை நரைத்த குஞ்சிதத்தின் எதிரே, அரைக்கால் சட்டை போட்ட ஆறு வயதுப் பையனாக அவன் ஏறி உட்கார்ந்தான். கால் தரையைத் தொடாததால் ஆட்டிக்கொண்டே, "அக்கா, இங்க பாரேன், பல்லு விழுந்துடுச்சு" என்று வாயைத் திறந்து காட்டினான். குஞ்சிதம் கைதட்டிச் சிரித்தாள். உண்மையான வைத்திக்கு அப்போது நாற்பத்தொன்பது வயது. திருச்சியில் மின்வாரியத்தில் வேலை பார்த்துக்கொண்டு, மூட்டு வலிக்கு மருந்து சாப்பிட்டுக்கொண்டு, அவன் பாட்டுக்கு நன்றாகத்தான் இருந்தான். அக்காவோடு அவன் விளையாடியது ஆறு வயது வரைதான். அதனால் ஆறு வயதில் வந்தான்.

வந்தவர்கள் செத்துப்போனவர்கள் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நீங்கள் பயப்பட வேண்டாம். அவர்கள் எல்லாரும் எங்கெங்கோ உயிரோடு இருந்தார்கள். ஆனால் கூடத்துக்கு வந்தவர்கள், உள்ளே இருந்தவர்களின் மனதில் எந்த வயதில் எந்தத் துணியில் நின்றுபோனார்களோ அந்த வயதிலும் அந்தத் துணியிலும் வந்தார்கள். பேசினார்கள், ஆனால் முன்பு எப்போதோ பேசியதை மட்டுமே பேசினார்கள். ஆவணியில் ஐந்து பேர் வந்தார்கள், புரட்டாசியில் எட்டு, ஐப்பசியில் பதினாலு.

இதை அந்த ஊர் எப்படி எடுத்துக்கொண்டது என்று கேட்டால், ஊர் அதற்கு டீ கொடுத்தது. நிறுத்தத்தில் டீக்கடை வைத்திருக்கும் பக்கிரி புரட்டாசி ஞாயிறன்று பெரியக்காவிடம் வந்து சொன்னார்.

"அக்கா, பஸ்ஸு நிக்கவே இல்ல. ஆனா ஆளு இறங்குது. நான் என்னத்தச் சொல்ல?"

"எத்தனை பேரு?"

"இன்னிக்கு எட்டு."

"அப்ப எட்டு டீ சேர்த்துப் போடுங்க."

"குடிக்க மாட்டேங்குறாங்களே. போன மாசமெல்லாம் ஆடை படிஞ்சு அப்படியே திரும்பி வந்துச்சு. இனிமே சக்கரை இல்லாமப் போடவா?"

"சக்கரை போட்டே குடுங்க. குடிக்காதது அவங்க இஷ்டம். குடுக்காதது நம்ம தப்பாயிடும்."

பார்வையாளர் பதிவேட்டை எழுதுகிறவள் அஞ்சுகம். அங்கே பத்து வருஷமாகப் பராமரிப்பு வேலை பார்க்கிறவள். பெயர், உறவு, வந்த நேரம், போன நேரம் எல்லாம் அவள் எழுதினாள். கையெழுத்துக் கட்டத்தில் வந்தவர்கள் பேனாவைப் பிடித்து அசைத்தார்கள், மை விழவில்லை. அஞ்சுகம் பொய் எழுதத் தெரியாதவள். 'கையெழுத்து போட்டார், விழவில்லை' என்று ஒவ்வொரு கட்டத்திலும் சின்ன எழுத்தில் எழுதி வைத்தாள். கார்த்திகையில் ஆய்வுக்கு வந்த அதிகாரி அந்தப் பக்கங்களைப் புரட்டிப் பார்த்தார், கூடத்தை எட்டிப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "எல்லார்கிட்டயும் அடையாள அட்டை நகல் வாங்கி வையுங்க" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிப் போனார். மறு மாதம் அஞ்சுகம் முறைப்படி எல்லாரிடமும் கேட்டாள். வைத்தி தன் சட்டைப் பையிலிருந்து பாதி கடித்த கமர்கட்டை எடுத்து நீட்டினான்.

ஒருவனுக்கு மட்டும் யாரும் வரவில்லை. சூசை என்கிற முப்பது வயதுக்காரன், பிறந்த அன்றே ஆஸ்பத்திரி வாசலில் விடப்பட்டவன். அவன் மனதில் யாரும் நிற்கவில்லை, அதனால் வருவதற்கு ஆள் இல்லை. இரண்டு மாதம் பார்த்துவிட்டு, மூன்றாம் மாதம் பக்கிரி கடைக்குச் சாக்குப் படுதாவைத் தொங்கவிட்டு வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். "என்னடா மாப்ள, முறைக்கிற? உனக்கு மட்டும் அழகான ஆளு வேணுமா? நான்தான் கிடைச்சேன், பாத்துக்க" என்றார். சூசைக்குப் பேச்சு புரியுமா என்பது யாருக்கும் தெரியாது. பக்கிரியின் விரலை மட்டும் நாலு மணி வரை விடவில்லை.

இனி நிறைமதிக்கு வருவோம், கதை அவளுடையது.

நிறைமதிக்குப் பதினோரு வயது. கை கால் விறைத்தே இருக்கும், பேச்சு கிடையாது, தலை சாயாமல் இருக்க இரண்டு பக்கமும் பஞ்சு வைத்துத் தைத்த சக்கர நாற்காலியில் இருப்பாள். ஏழு வயதில் அவளை அங்கே விட்டுப் போன அம்மாவின் பெயர் தவமணி. வந்த புதிதில் நிறைமதி எதற்கும் எதுவும் சொல்லாத பிள்ளை என்றுதான் நினைத்தார்கள். இரண்டாம் வருஷத்தில் அஞ்சுகம் ஒன்றைக் கவனித்தாள்: கேள்வி கேட்டுவிட்டு உடனே நகர்ந்துவிடாமல் இருந்தால், ரொம்ப நேரம் கழித்துப் பிள்ளையின் கண் மேலே போனது, அல்லது மூடியது. மண்டி வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு நோட்டு உண்டு, அவர்களே எழுதியதுபோல எழுதி வைப்பார்கள், புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் முதலில் அதைப் படிக்க வேண்டும். நிறைமதியின் நோட்டில் அஞ்சுகம் இப்படி எழுதினாள்: 'ஆமாம் என்றால் மேலே பார்ப்பேன். இல்லை என்றால் கண்ணை மூடுவேன். கேட்டுவிட்டு இருபது வரை எண்ணுங்கள். இன்னொரு முறை கேளுங்கள். எனக்காக நீங்கள் பதில் சொல்லாதீர்கள்.'

அன்றிலிருந்து அந்தப் பிள்ளையைக் கேட்காமல் யாரும் சட்டை மாற்றுவதில்லை, தலை வாருவதில்லை, ஜன்னலைச் சாத்துவதில்லை. பவுடர் வேண்டுமா என்றால் அவள் எப்போதும் கண்ணை மூடினாள். அதுவரை இரண்டு வருஷமாக எல்லாரும் அவளுக்குப் பவுடர் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஆவணி மாதம் முதல் நிறைமதியின் எதிர் நாற்காலிக்கு அவள் அம்மா வந்தாள். மாங்காய்க் கரை போட்ட பச்சைச் சேலை, இடது செருப்பில் வார் அறுந்த இடத்தில் ஊக்கு, கையில் மஞ்சள் பை. பையிலிருந்து ரோஸ் கலர் கவுன் ஒன்றை எடுத்துப் பிள்ளையின்மேல் வைத்துப் பார்ப்பாள். ஏழு வயதுக்கு வாங்கிய கவுன், பதினோரு வயதுப் பிள்ளைக்கு நெஞ்சு வரைகூட வராது. "கொஞ்சம் லூசாத்தான் இருக்கு. வளர்ற புள்ளதானே" என்று சொல்லி மடித்து வைப்பாள். கன்னத்தைத் தடவுவாள். பாட்டு மாதிரி ஏதோ முணுமுணுப்பாள். நிறைமதியின் விறைத்த கைகள் அப்போது மட்டும் தளர்ந்து மடியில் இறங்கும். அந்த ஆறு மணி நேரத்தில் வலிப்பு வந்ததே இல்லை. அவளுக்கு மட்டுமல்ல, அன்றைக்குக் கூடத்தில் யாருக்குமே வருவதில்லை. மாத்திரை அட்டவணையில் அந்த ஞாயிறுகள் சுத்தமாக இருந்தன.

நாலு மணி அடித்ததும் வந்தவர்கள் எல்லாரும் ஒன்றாக எழுந்திருப்பார்கள். எழுந்து, கடைசியாக அவர்கள் போன நாளில் என்ன சொன்னார்களோ அதைச் சொல்வார்கள். "சமத்தா இரு." "பஸ்ஸுக்கு நேரமாச்சு." "மருந்து வாங்கிட்டு வந்துடறேன்." "இந்தா, வெளியதான் இருக்கேன்." பச்சைச் சேலைக்காரி, "இதோ வந்துடறேன் கண்ணு, அழக்கூடாது" என்பாள். பதினாலு குரலும் ஒரே நேரத்தில் கூடத்தில் எழும்பும்போது, பதினெட்டு வருஷம் எதற்கும் கலங்காத சமையல்காரம்மாள்கூடப் பின்கட்டுக்குப் போய்விடுவார். ஒவ்வொரு சொல்லும் ஒருமுறை பொய்யாகச் சொல்லப்பட்டது. இப்போது மாதம் தவறாமல் அவை உண்மையாகிக்கொண்டிருந்தன.

ஞாயிறுகள் நன்றாக இருந்தன. மற்ற நாட்கள்தான் மெலிந்துகொண்டே போயின. உள்ளே இருந்தவர்கள் அந்த ஒரு நாளுக்காகத் தங்களைச் சேர்த்து வைத்துக்கொள்ளத் தொடங்கினார்கள். வாசல் பக்கம் திரும்பியே இருந்தார்கள். சமையல்காரம்மாள் கஞ்சிக் கிண்ணங்களைப் பாதியோடு திரும்ப எடுத்தார். நிறைமதி அஞ்சுகம் ஊட்டும்போதுகூட வாய் திறக்க யோசித்தாள், மார்கழியில் எடை பார்த்தபோது இரண்டு கிலோ குறைந்திருந்தாள். அவள் மொத்தமே பதினேழு கிலோ. டாக்டர் முள்ளைப் பார்த்துவிட்டு, "இதுக்கு மேல ஒரு கிலோகூடக் குறையக் கூடாது" என்றார்.

இந்த நேரத்தில்தான் மண்டி வீட்டில் ஒரு தவறு நடந்தது. அவர்களால் மட்டுமே செய்யக்கூடிய தவறு அது.

தை பிறந்தால் எல்லாக் குடும்பத்துக்கும் ஒரு கடிதம் போடுவது அங்கே வழக்கம். பிள்ளை நலம், எடை இவ்வளவு, பார்வையாளர் நாள் இது, முடிந்தால் வாருங்கள் என்று அச்சடித்த கடிதம். கடைசியில் ஒரு வரி இருக்கும்: 'கடந்த ஆண்டு நீங்கள் இத்தனை முறை வந்து பார்த்ததற்கு நன்றி.' வராதவர்களுக்கு அந்த வரியை அடித்துவிடுவார்கள். அந்த வருஷம் அஞ்சுகம் பதிவேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொருவர் பெயருக்கு நேரேயும் எத்தனை வருகை என்று எண்ணி, யாருக்கும் எதையும் அடிக்காமல், நேர்மையாக நிரப்பினாள். தவமணிக்குப் போன கடிதத்தில், ஐந்து முறை வந்து பார்த்ததற்கு நன்றி என்று இருந்தது.

முதலில் அந்தக் கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தவர் குஞ்சிதத்தின் தம்பி. மாசி மாதத்து இரண்டாம் ஞாயிறு. வழுக்கை விழுந்த, மூட்டு வலிக்கார வைத்தி. "நான் எப்பங்க வந்தேன்? ஆறு தடவை வந்தேன்னு எழுதியிருக்கீங்க. என் வீட்டுக்காரி என்னை நம்ப மாட்டேங்குறா" என்று சத்தம் போட்டுக்கொண்டே கூடத்துக்குள் வந்தவர், கால் ஆட்டிக்கொண்டிருந்த பையனைப் பார்த்ததும் அப்படியே நின்றார். பிறகு, அஞ்சுகம் பக்கத்தில் போட்ட இன்னொரு நாற்காலியில் உட்கார்ந்து, அக்காவின் கையை எடுத்துத் தன் கையில் வைத்துக்கொண்டார். அந்தக் கணமே பையன் இறங்கினான். யாரிடமும் எதுவும் சொல்லாமல், அரைக்கால் சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு வாசலைத் தாண்டிப் போனான். ஒருவர் இரண்டு இடத்தில் உட்கார முடியாது என்பது அன்றைக்குத்தான் எல்லாருக்கும் தெரிந்தது.

பெரிய வைத்தி பத்து நிமிஷம் இருந்தார். பிஸ்கட் பாக்கெட் கொடுத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். போனார். பையன் அதன் பிறகு வரவே இல்லை. குஞ்சிதம் ஒன்பது நாள் சாப்பிடவில்லை. பத்தாம் நாள் மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டியதாயிற்று.

பங்குனி மாதத்து இரண்டாம் ஞாயிறு, பதினொரு மணி சுமாருக்கு, பஸ் உண்மையாகவே நின்று, ஒரு பெண் இறங்கிப் பக்கிரியின் கடைப் பெஞ்சில் உட்கார்ந்தாள். டீயை நீட்டிய பக்கிரி அவள் முகத்தைப் பார்த்துவிட்டு டம்ளரை விடாமல் பிடித்துக்கொண்டார்.

"ஏம்மா, நீ காலைலயே உள்ள போயிட்டியே."

"யாரு, நானா?"

"பச்சைச் சேலை கட்டிட்டு. பத்து மணிக்கு." இன்னொரு முறை உற்றுப் பார்த்தார். "இல்ல, அது உன் தங்கச்சியா இருக்கும். உன்னைவிடச் சின்னது."

"எனக்குத் தங்கச்சி கிடையாது அண்ணே" என்றாள் அவள். "உள்ள போறவ யாருன்னு பாக்கத்தான் வந்தேன். டம்ளரை விடுங்க, கை சுடுது."

மண்டி வீட்டு வாசலில் பெரியக்காவும் அஞ்சுகமும் அவளைப் பார்த்த உடனே தெரிந்துகொண்டார்கள். முகம் உப்பியிருந்தது, நெற்றியோரம் நரை, காலில் புதுச் செருப்பு. தவமணி அஞ்சுகத்திடம் கடிதத்தை நீட்டினாள்.

"வருசா வருசம் கடிதாசி வரும். படிச்சிட்டு அரிசிப் பானைக்குள்ள ஒளிச்சு வச்சிருவேன். ஒருதடவையும் வர தைரியம் வரல. இந்தத் தடவை, நன்றின்னு போட்டிருந்துச்சு. என் புள்ளைய என் பேரைச் சொல்லி யாரோ பாத்துட்டுப் போறாங்கன்னு நினைச்சேன். அதுதான் தாங்கல."

"உள்ள வந்து பாருங்க" என்றார் பெரியக்கா.

கூடத்து வாசற்படியில் நின்று தவமணி பார்த்தாள். பச்சைச் சேலைக்காரி அப்போது கவுனை எடுத்துப் பிள்ளையின்மேல் வைத்துக்கொண்டிருந்தாள். "கொஞ்சம் லூசாத்தான் இருக்கு. வளர்ற புள்ளதானே." தவமணியின் கை தானாக வாயை மூடியது. அந்தச் சேலை அவளிடம் இப்போது இல்லை. கிழிந்துபோனதும், இரண்டாவது கல்யாணம் பண்ணிப் போன வீட்டில் பிறந்த பையனுக்கு அதில்தான் தூளி கட்டினாள். தூளியும் நைந்து, கரித்துணியாகி, எரிந்தே போயிற்று. அந்தச் செருப்பின் ஊக்கு காலில் குத்திய இடம் மட்டும் இப்போதும் மழைக்காலத்தில் வலிக்கும்.

"இவ நல்லா இருக்கா" என்றாள் தவமணி. யாரைச் சொன்னாள் என்று அஞ்சுகம் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு வாசற்படியிலேயே ஒரு சண்டை நடந்தது. சத்தம் இல்லாத சண்டை, ஏனென்றால் உள்ளே இருபத்திரண்டு பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அஞ்சுகம் தவமணியைக் கேட்டாள்:

"கூட்டிட்டுப் போகவா வந்தீங்க?"

"முடியாதுங்க. அங்க யாருக்கும் இப்படி ஒரு புள்ள இருக்குன்னு தெரியாது. சமயபுரம் போறேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்."

"அடுத்த மாசம் வருவீங்களா?"

தவமணி யோசித்தாள். பொய் சொல்ல நேரம் இருந்தது, சொல்லவில்லை. "தெரியலங்க."

அஞ்சுகம் பெரியக்காவின் பக்கம் திரும்பினாள். "அக்கா, இவங்க போய் அவ கையைத் தொட்டுட்டா அந்தம்மா எந்திரிச்சுப் போயிடும். நாலு மணிக்கு இவங்களும் போயிடுவாங்க. அப்புறம் வெறும் நாற்காலிய மாசா மாசம் அவ பாத்துட்டு இருக்கணும். குஞ்சிதம் நாற்பத்தஞ்சு கிலோ, தாங்குனா. இது பதினேழு கிலோகூட இல்ல. வேணாம்."

"பெத்தவ படி வரைக்கும் வந்திருக்கா. போன்னு சொல்ல நாம யாரு அஞ்சுகம்?"

"உக்காருன்னு சொல்லவும் நாம யாரு?"

தவமணிக்குப் பின்னாலேயே கடையை மூடிவிட்டு வந்திருந்த பக்கிரி, சூசையின் எதிரே உட்கார்ந்தபடியே, விரலை அவனிடம் விட்டுவிட்டு, தலையை மட்டும் திருப்பிச் சொன்னார்: "நாட்டாமை ரெண்டு பேரும் வாசல்லயே நின்னு பேசறீங்க. சம்பந்தப்பட்ட ஆளு உள்ள உக்காந்திருக்கு. அதைக் கேட்டீங்களா?"

அஞ்சுகத்துக்கு முகம் சிவந்துபோனது. நோட்டில் எழுதியவளே அவள்தான். உள்ளே போய் நோட்டை எடுத்து வந்து தவமணியின் கையில் கொடுத்தாள். தவமணி அந்த ஐந்து வரியையும் எழுத்துக் கூட்டிப் படித்தாள், இரண்டு முறை படித்தாள்.

"எங்கிட்ட இவ ஒருநாளும் எதுவுமே சொன்னதில்லீங்களே. ஏழு வருசம் வச்சிருந்தேனே."

"நீங்க கேட்டிருப்பீங்க. இருபது வரைக்கும் எண்ணியிருக்க மாட்டீங்க" என்றாள் அஞ்சுகம். குத்திக் காட்டவில்லை, விவரமாகத்தான் சொன்னாள். "நாங்களும் ரெண்டு வருசம் எண்ணல. ஒண்ணு மட்டும். பதில் என்ன வந்தாலும் அதுதான் பதில். கெஞ்சக் கூடாது, அழுதுகாட்டக் கூடாது. அழுதா அது மறைமுகமாப் பதில் சொல்லிக் குடுக்கிறது. சரியா?"

"சரி."

தவமணி கூடத்துக்குள் போனாள். பச்சைச் சேலைக்காரி அவளை ஏறிட்டுப் பார்க்கவில்லை. அவள் முன்பு ஒருநாளும் தவமணியைப் பார்த்ததில்லை, அதனால் பார்க்கத் தெரியவில்லை. நிறைமதி பார்த்தாள். பஞ்சுத் தலையணைக்கு நடுவே இருந்த முகம் அசையாமல், கண் மட்டும் மெதுவாக ஒருத்தியிலிருந்து இன்னொருத்திக்குப் போய், அங்கேயே நின்றது. கைகள் மடியிலிருந்து எழும்பி மறுபடி விறைத்தன. யாரும் எதையும் விளக்கவில்லை. தவமணி தோளில் இருந்த பையைத் தரையில் இறக்கி வைத்தாள்.

"கண்ணு," என்றாள். "நான்தான். நாலு வருசம் வரல. நான் தப்புதான். அடுத்த மாசம் வருவேன்னும் சொல்ல முடியல." பிறகு சொல்லிக் கொடுத்ததுபோல, கேள்வியாக மட்டும் கேட்டாள். "நான் உன் பக்கத்துல உக்காரட்டுமா?"

எண்ணத் தொடங்கினாள். வாய்விட்டு எண்ண வேண்டாம் என்று யாரும் சொல்லாததால் வாய்விட்டே எண்ணினாள். பன்னிரண்டில் அவள் குரல் உடைந்தது, திருத்திக்கொண்டு பதின்மூன்று என்றாள். பத்தொன்பதில் நிறைமதி கண்ணை மூடினாள்.

இன்னொரு முறை கேட்டாள். இருபது வரை எண்ணினாள். நிறைமதி கண்ணை மூடினாள்.

அஞ்சுகம் தன் முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் விரும்பிய பதில்தான், ஆனாலும் நுனியை விடவில்லை. தவமணி அழவில்லை, ஒப்புக்கொண்டபடி நின்றாள். பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள். வாசலைப் பார்த்தாள். பிறகு, போவதையும் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும், போன முறை அப்படிக் கேட்கவில்லை.

"அப்ப நான் போகட்டுமா?"

எண்ணினாள். நிறைமதி கண்ணை மூடினாள். மறுபடி கேட்டாள், மறுபடி எண்ணினாள். நிறைமதி கண்ணை மூடினாள்.

"உக்காரவும் வேணாங்குது, போகவும் வேணாங்குது" என்றார் பக்கிரி மெதுவாக. பெரியக்கா அவரைப் பார்த்துத் தலையசைத்தார், பேசாதே என்று. ஒவ்வொரு நாற்காலியிலும் வந்தவர்கள் தங்கள் பழைய வார்த்தைகளைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஸ்டூலின்மேல் டீ ஆறிக்கொண்டிருந்தது. பச்சைச் சேலைக்காரி கவுனை மடித்துப் பைக்குள் வைத்தாள். மணி பன்னிரண்டு ஆகவில்லை. நாலு மணிக்கு இன்னும் நாலு மணி நேரத்துக்கு மேல் இருந்தது, புதுச் செருப்பு தவமணியின் காலைக் கடித்துக்கொண்டிருந்தது.

"அப்ப நாலு மணி வரைக்கும் நான் இங்கயே நிக்கட்டுமா?"

இருபது வரை எண்ணினாள். இன்னொரு முறை கேட்டாள், இன்னொரு முறை எண்ணினாள். இரண்டு முறையும் நிறைமதி மேலே பார்த்தாள்.